03/04 என்றால் எந்த நாள்? மென்பொருளில் திகதியும் நேரமும் காட்டும் முறை: முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் மாமிக்கு ஒரு கண் பரிசோதனை இருந்தது. மருத்துவமனையிலிருந்து அவருக்கு வந்த குறுஞ்செய்தி இவ்வளவுதான்: "உங்கள் பதிவு 03/04/2025, 9:30". மாமி ஏப்ரல் 3ஆம் திகதி வியாழக்கிழமை காலையில் போய் நின்றார். பதிவு மார்ச் 4ஆம் திகதிக்கு. திரும்பி வந்து கைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, இதில மூண்டாம் திகதி நாலாம் மாசம் எண்டுதானே கிடக்கு, நான் பிழையா வாசிச்சனா?" என்று கேட்டார்.

மாமி சரியாகத்தான் வாசித்தார். பள்ளிக்கூடக் கொப்பியிலும் வங்கிப் படிவத்திலும் நாளை முன்னால், மாதத்தைப் பின்னால் எழுதித்தான் இங்கே நாங்கள் வளர்ந்தோம். செய்தியை அனுப்பிய நிரல் மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க முறையில் எழுதியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று அப்படி வைத்திருக்க மாட்டார்கள். லொகேல், அதாவது எந்த மொழி, எந்த நாட்டு வழக்கில் எழுதுவது என்ற அமைப்பு, எது என்று சொல்லாமல் விட்டால் சேர்வர் தன் இயல்பான அமைப்பை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான சேர்வர்களில் அது அமெரிக்க ஆங்கிலம். ஒரு வரியில் விடுபட்ட ஒரு சொல், ஒரு வயதானவருக்கு ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டது.

கொழும்பில் இருந்து மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே திரையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுகிறோம். அதே திரையை லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகள் திறந்து பார்க்கிறார்கள். எந்தக் கணினி மொழியில் எழுதினாலும் பொருந்தும் வரிசையில் படிப்படியாகச் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிக்கும் விதமாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வகைத் திகதி என்று பிரித்துப் பாருங்கள்

நிரலில் 'திகதி' என்று நாம் சொல்வதற்குள் வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

பணம் கட்டிய கணம், செய்தி அனுப்பிய கணம் போன்றவை நேரப் புள்ளிகள். உலகம் முழுவதற்கும் அந்தக் கணம் ஒன்றுதான். மார்ச் 4 காலை 9.30க்குக் கொழும்பில் நடப்பது, லண்டன் கடிகாரத்தில் அதிகாலை 4 மணிக்கு நடக்கிறது. பிறந்த நாள், அடையாள அட்டை வழங்கிய நாள், தைப்பொங்கல் விடுமுறை போன்றவை நாட்காட்டி நாட்கள். இவற்றுக்கு நேர வலயமே கிடையாது. ஒருவர் விமானம் ஏறியதால் அவருடைய பிறந்த நாள் மாறாது. அடுத்த மாதம் நடக்கப்போகும் கூட்டம், வாராந்த வகுப்பு போன்றவை மூன்றாவது வகை. அவை ஓர் ஊரின் கடிகாரத்தோடு கட்டுண்டவை.

ஜாவாவில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பு இவற்றுக்குத் தனித்தனி வகைகள் தந்தது: இன்ஸ்டன்ட், லோக்கல்டேட், சோன்ட்டேட்டைம். ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய 'டேட்' எல்லாவற்றையும் ஒரே பையில் போடுகிறது. கீழே சொல்லப்போகும் பிழைகளில் பாதி அங்கிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டாம் படி: சேமிக்கும்போது அழகு பார்க்காதீர்கள்

நேரப் புள்ளியை உலகப் பொது நேரமான யூடிசியில், திகதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் வையுங்கள்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-04, நடுவில் 'டீ' எழுத்து, பிறகு 04:00:00, கடைசியில் யூடிசியைக் குறிக்கும் 'இஸட்'. இந்த வரிசையை யாரும் தலைகீழாக வாசிக்க முடியாது. எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம்சோன்' என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து அது வலயத்தையும் சேமிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். உள்ளே வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு வலயத்தை விட்டுவிடும். பயனருடைய வலயம் பின்னால் தேவை என்றால் அதற்கு அட்டவணையில் தனி நெடுவரிசை வேண்டும்.

நாட்காட்டி நாளை வெறும் 'டேட்' வகையில் வையுங்கள், நேரம் சேர்க்கவே வேண்டாம். சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பொங்கல் நாளை வைத்துக் காட்டுகிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் '2025-01-14' என்ற எழுத்தை மட்டும் கொடுத்து ஒரு 'டேட்' உருவாக்கினால், அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். கொழும்பில் அந்தக் கணம் காலை 5.30. திகதி 14 என்றே தெரியும், நமக்குச் சந்தேகமே வராது. ரொறன்ரோவில் அதே கணம் 13ஆம் திகதி இரவு 7 மணி. அங்கிருக்கும் அக்காவின் திரையில் பொங்கல் ஒரு நாள் முந்திவிடும். எழுதியவரின் மேசையில் இந்தப் பிழை ஒருநாளும் தோன்றாது.

மறுபக்கத்திலிருந்தும் இது கடிக்கும். கொழும்புப் பயனர் ஒருவர் தன் பிறந்த நாளாக ஜனவரி 14ஐத் தெரிவு செய்கிறார். நிரல் அதைக் கொழும்பு நள்ளிரவாக எடுத்து, 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' மூலம் எழுத்தாக்கிச் சேர்வருக்கு அனுப்புகிறது. கொழும்பு நள்ளிரவு என்பது யூடிசியில் முந்திய நாள் மாலை 6.30. தரவுத்தளத்தில் 13 என்று விழுகிறது. "என் பிறந்த நாளை ஒரு நாள் குறைத்துக் காட்டுகிறது" என்று யாராவது முறைப்பாடு செய்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். நாள், மாதம், வருடம் என்ற மூன்று எண்களையும் எண்களாகவே அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஜாவாஸ்கிரிப்ட்டில் மாதங்கள் பூச்சியத்திலிருந்து தொடங்கும், ஜனவரி என்றால் 0.

பைதனில் எழுதுகிறவர்கள் 'யூடிசிநவ்' கட்டளையைக் கைவிடுங்கள். அது தரும் நேரத்தோடு வலயக் குறிப்பு எதுவும் ஒட்டியிருக்காது, 3.12ஆம் பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்திருக்கிறார்கள். 'நவ்' கட்டளைக்கு யூடிசி என்ற வலயத்தைக் கொடுத்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: +5:30 என்று கையால் எழுதாதீர்கள்

இதில் நான் சற்று நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இது நம் சொந்தக் கதை.

வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பலர் யூடிசி நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி 'இலங்கை நேரம்' என்று காட்டுகிறார்கள். இன்றைய நேரத்துக்கு அது சரியாக வரும். ஆனால் இலங்கையின் கடிகாரம் எப்போதும் அங்கே இருந்ததில்லை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி +6:30 ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்து +6:00 ஆனது. பத்து வருடங்கள் அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் மறுபடியும் +5:30க்குத் திரும்பினோம். வன்னியில் அந்தக் காலம் முழுவதும் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது ஓர் உதாரணம். 1996 ஜூன் 10ஆம் திகதி, நள்ளிரவு கழிந்து 12.15க்குக் கொழும்பில் ஒரு பிள்ளை பிறந்தது. அன்றைய கடிகாரம் +6:30, ஆகவே யூடிசியில் அது ஜூன் 9, மாலை 5.45. இதை ஐந்தரை கூட்டித் திரையில் காட்டினால் ஜூன் 9, இரவு 11.15 என்று வரும். நேரமும் பிழை, நாளும் பிழை. சாதகம் கணிக்கும் ஒரு செயலிக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஐயானா என்ற அமைப்பு வெளியிடும் நேர வலயத் தரவுத்தளம் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறது. இலங்கைக்கு அதில் உள்ள பெயர் 'ஏசியா/கொலம்போ'. 1906க்கு முன் இங்கே புழங்கிய மொறட்டுவை நேரம் வரைக்கும் அந்தப் பதிவு பின்னோக்கிப் போகிறது. எண்ணைக் கூட்டுவதை விட்டு, இந்தப் பெயரைக் கொடுங்கள். ஜாவாவில் 'சோன்ஐடி', பைதன் 3.9 முதல் 'சோன்இன்ஃபோ', ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்டல்.டேட்டைம்ஃபோர்மட்' கட்டளையின் 'டைம்சோன்' என்ற தெரிவு.

பட்டியலில் முதலில் கண்ணில் படுகிறது என்பதற்காக 'ஏசியா/கொல்கத்தா'வைத் தெரிவு செய்யாதீர்கள். இன்றைக்கு இரண்டும் ஒரே நேரம்தான். 1996 முதல் 2006 வரையான பதிவுகளில் அவை வேறு வேறு. 'ஐஎஸ்டி' என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள், இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அது பொதுவாகப் புழங்குகிறது.

சேர்வர்கள் வழக்கமாக யூடிசியில் ஓடுகின்றன. ஆகவே மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பற்றுச்சீட்டு என்று சேர்வரில் உருவாகும் ஒவ்வொன்றுக்கும் வலயத்தை வெளிப்படையாகக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் காலை 5.30க்கு முன் நடந்ததெல்லாம் முந்திய நாள் திகதியோடு வெளியே போகும்.

நான்காம் படி: லொகேல் என்பது வேறு, வலயம் என்பது வேறு

வலயம் 'எப்போது' என்பதைத் தீர்மானிக்கிறது. லொகேல் 'எப்படி எழுதுவது' என்பதைத் தீர்மானிக்கிறது. ரொறன்ரோவில் இருந்துகொண்டு தமிழில் வாசிப்பவர் உண்டு, கொழும்பில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் வாசிப்பவரும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியே கேட்டுச் சேமியுங்கள். நம் ஊரில் பலருடைய கைபேசி ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் அவர்கள் ஆறுதலாக வாசிப்பது தமிழில் அல்லது சிங்களத்தில். பிரவுசர் சொல்லும் மொழியை முதல் ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, மாற்றும் பொத்தானைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

லொகேல் குறியீட்டில் மொழியும் நாடும் சேர்ந்திருக்கும். தமிழுக்கு 'டிஏ'. அதோடு இலங்கைக்கு 'எல்கே', இந்தியாவுக்கு 'ஐஎன்', சிங்கப்பூருக்கு 'எஸ்ஜி'. மொழியை மட்டும் கொடுத்தால் இந்தியத் தமிழ் அமைப்பே வரும். ஒவ்வொரு மொழியும் நாடும் திகதி எழுதும் முறையைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தரவில் இலங்கைத் தமிழுக்கு 24 மணித்தியாலக் கடிகாரம். இந்தியத் தமிழுக்கு 12 மணித்தியாலக் கடிகாரம். வாரத்தின் முதல் நாள் இலங்கைக்குத் திங்கள், இந்தியாவுக்கு ஞாயிறு. சிங்களத்தில் குறுகிய திகதி வருடத்தை முன்னால் வைத்துக் கோடிட்டு வரும், தமிழில் நாளை முன்னால் வைத்துச் சாய்கோட்டோடு வரும். ஒரே நாடு, ஒரே திரை, மொழிப் பொத்தானை அழுத்தியதும் வரிசையே மாறுகிறது. கையால் வடிவம் எழுதினால் இதையெல்லாம் நீங்களே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால், ஆயத்த நீளங்களைப் பயன்படுத்துங்கள்: ஃபுல், லோங், மீடியம், ஷோர்ட். ஜாவாஸ்கிரிப்ட்டில் இவை 'டேட்ஸ்டைல்', 'டைம்ஸ்டைல்' என்ற தெரிவுகளில் வரும். பொதுமக்கள் வாசிக்கும் இடத்தில் 'ஷோர்ட்'டைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாதத்தைச் சொல்லால் எழுதிவிட்டால் மாமிக்கு நடந்தது யாருக்கும் நடக்காது.

ஐந்தாம் படி: நம் தமிழில் சரியாக வருகிறதா என்று பாருங்கள்

இங்கேதான் ஆயத்தத் தரவு நம்மைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

சிஎல்டிஆர் மாதப் பெயர்கள் தமிழ்நாட்டு வழக்கில் இருக்கின்றன: பிப்ரவரி, அக்டோபர். நாங்கள் எழுதுவது பெப்ரவரி, ஒக்டோபர். நாடு இலங்கை என்று கொடுத்தாலும் பெயர்கள் மாறுவதில்லை. 'தேதி' என்று மொழிபெயர்ப்பாளர் தந்திருந்தால் அதையும் 'திகதி' ஆக்க வேண்டியிருக்கும். விளங்காது என்பதற்காக இதைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அரச படிவத்திலும் பாடப்புத்தகத்திலும் ஒருவர் காணும் எழுத்தும் உங்கள் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால், இது தனக்காகச் செய்த பொருள் என்று அவருக்குத் தோன்றும். அந்த உணர்வு எனக்கு முக்கியம்.

செய்வது கடினமில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'ஃபோர்மட்டுபார்ட்ஸ்' கட்டளை திகதியைத் துண்டு துண்டாகத் தரும். மாதத் துண்டை மட்டும் உங்கள் பன்னிரண்டு பெயர்ப் பட்டியலிலிருந்து மாற்றி, மீதியை வந்தபடியே ஒட்டுங்கள். ஜாவாவில் 'டேட்டைம்ஃபோர்மட்டர்பில்டர்' இடம் 'அப்பெண்ட்டெக்ஸ்ட்' வழியாக அதே பட்டியலைக் கொடுக்கலாம்.

பெயரைச் சுருக்க முதல் மூன்று எழுத்தை வெட்டும் பழக்கம் ஆங்கிலத்தோடு நிற்கட்டும். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் கணினிக்குத் தனித்தனி எழுத்துகள். 'மார்ச்' என்பதில் மூன்றை வெட்டினால் 'மார', 'ஜூன்' என்பதில் 'ஜூன', 'செப்டெம்பர்' என்பதில் 'செப' என்று புள்ளி உதிர்ந்து வரும். ஒரு பற்றுச்சீட்டில் 'ஜூன' என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மிகக் குறுகிய ஆயத்த வடிவமும் உதவாது, அதில் ஜூனுக்கும் ஜூலைக்கும் ஒரே 'ஜூ'தான். கிழமைகளுக்கு மட்டும் அது நன்றாக வரும்: தி, செ, பு, வி, வெ, ச, ஞா.

அடுத்தது வாக்கியம். ஆங்கிலத்தில் திகதிக்கு முன்னால் வரும் சிறு சொல், தமிழில் பின்னால் ஒட்டும் உருபாகிறது. 'முதல்', 'வரை', 'அன்று', 'ஆம் திகதிக்கு' எல்லாம் பின்னால்தான். துண்டுகளை நிரலில் ஒட்டி வாக்கியம் கட்டினால் மொழிபெயர்ப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாகக் கொடுத்து, திகதிக்கு ஓர் இடம் விடுங்கள். 'நேற்று', '2 நாட்களுக்கு முன்' போன்றவற்றுக்கு 'ரிலேட்டிவ்டைம்ஃபோர்மட்' இருக்கிறது, அது தமிழில் நன்றாகவே வருகிறது.

சித்திரை, வைகாசி என்று தமிழ் மாதங்களைக் காட்டக் கேட்டால், மென்பொருள் நூலகத்தில் 'இந்தியன்' என்று ஒரு நாட்காட்டி கிடைக்கும். அதை எடுக்காதீர்கள். அது இந்தியாவின் சக ஆண்டு நாட்காட்டி, அதன் முதல் மாதம் மார்ச் 21 அல்லது 22இல் தொடங்கும். நம் சித்திரை ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு அட்டவணையாகத் தரவுத்தளத்தில் வைப்பதே நம்பகமான வழி. போயா விடுமுறைகளுக்கும் இதையே செய்யுங்கள்.

ஆறாம் படி: மணி

நம் அறிவித்தல்களில் 'மு.ப. 8.30', 'பி.ப. 2.00' என்று பார்க்கிறோம். வாயால் சொல்வது 'காலை எட்டரை', 'பின்னேரம் இரண்டு'. சிஎல்டிஆர் தரவில் காலை, மதியம், மாலை, இரவு என்ற பொழுதுப் பெயர்களும் உண்டு. அவற்றைப் பெற ஜாவாஸ்கிரிப்ட்டில் 'டேபீரியட்' தெரிவு, ஜாவாவில் 16ஆம் பதிப்பிலிருந்து திகதி வடிவத்தில் பெரிய 'பி' எழுத்து. ஆனால் இரவு 7 மணிக்கு அது 'அந்தி மாலை' என்று எழுதும். அப்படி யாரும் சொல்வதில்லை. வேண்டுமானால் நான்கு வரியில் உங்கள் சொந்தப் பொழுது விதியை எழுதிக்கொள்ளுங்கள். 12 மணிக்கு மட்டும் 'நண்பகல் 12', 'நள்ளிரவு 12' என்று சொல்லாலேயே எழுதுங்கள்.

24 மணித்தியாலக் கடிகாரம் வேண்டும் என்றால் 'அவர்12' தெரிவை அணைப்பதைவிட 'அவர்சைக்கிள்' தெரிவில் 'எச்23' கொடுப்பது நல்லது. முதல் வழியில் சில லொகேல்களில் நள்ளிரவு 24:00 என்று வந்துவிடும்.

வடிவத்தைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஜாவாவில் எழுத்தின் அளவைக் கவனியுங்கள். பெரிய 'எம்' மாதம், சிறிய 'எம்' நிமிடம். சிறிய 'டி' மாதத்தின் நாள், பெரிய 'டி' வருடத்தின் நாள். மிக மோசமானது 'வை': சிறியது வருடம், பெரியது வாரக் கணக்கின்படியான வருடம். வருடம் முழுவதும் இரண்டும் ஒன்றாகவே இருந்து, வருடக் கடைசியில் பிரியும். 2024 டிசம்பர் 30ஆம் திகதியைப் பெரிய 'வை'யால் எழுதினால் 2025 டிசம்பர் 30 என்று வரும்.

ஏழாம் படி: வரப்போகும் நேரங்கள்

கொழும்பில் இருக்கும் ஒரு பாட்டு ரீச்சர் வாரந்தோறும் இரவு 7.30க்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறார் என்று வையுங்கள். மாணவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். குளிர்காலத்தில் லண்டனில் அது பிற்பகல் 2 மணி, கோடையில் 3 மணி. ரொறன்ரோவில் காலை 9 மணி, கோடையில் 10 மணி. இரண்டு ஊரும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை: 2025இல் ரொறன்ரோ மார்ச் 9ஆம் திகதி மாற்றியது, லண்டன் 30ஆம் திகதி. இடைப்பட்ட மூன்று வாரமும் ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு ஒரு மணித்தியாலம் தள்ளியிருந்திருக்கும்.

இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்கு யூடிசியை மட்டும் சேமிப்பது போதாது. '19:30, ஏசியா/கொலம்போ, ஒவ்வொரு சனியும்' என்று ரீச்சரின் கடிகாரத்தையே மூலமாக வைத்து, காட்டும் நேரத்தில் ஒவ்வொருவருடைய வலயத்துக்கும் கணக்கிடுங்கள். ஓர் அரசாங்கம் நாளைக்குக் கடிகாரத்தை மாற்றினாலும், நேர வலயத் தரவைப் புதுப்பித்தால் போதும். 1996 நமக்குத் தந்த பாடம் அது. அப்புறம், திரையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'கொழும்பு நேரம்', 'ரொறன்ரோ நேரம்' என்று ஊரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: சோதனை

உங்கள் கணினியின் வலயத்தை மாற்றிப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் என்ற மென்பொருள் ஓடும்போது 'டீஇஸட்' என்ற சூழல் மாறிக்கு ரொறன்ரோவைக் கொடுக்கலாம். குரோமில் டெவலப்பர் கருவிகளின் 'சென்ஸர்ஸ்' பகுதியில் இடத்தையும் லொகேலையும் மாற்றலாம். சோதிக்கும் நாட்களை யோசித்துத் தெரிவு செய்யுங்கள். நாளும் மாதமும் 12க்கு உட்பட்ட ஒரு நாள் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் மாறியது தெரியாது. பெப்ரவரி 29, டிசம்பர் 30, கொழும்பில் அதிகாலை 2 மணி, 1996 ஜூனில் ஒரு நாள் ஆகியவற்றையும் சேருங்கள்.

வெளிவந்த எழுத்தைச் சோதனையில் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பிடாதீர்கள். லொகேல் தரவு பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகிறது. 2022 ஒக்டோபரில் வந்த சிஎல்டிஆர் 42, ஆங்கிலத்தில் மணிக்கும் ஏஎம், பிஎம் குறிக்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளியை வேறொரு ஒடுங்கிய இடைவெளியாக்கியது. அதை எடுத்துக்கொண்ட ஜாவா 20, நோட் 20 ஆகியவற்றுக்கு மாறியவர்களின் சோதனைகள் உடைந்தன. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இதே காரணத்துக்காக, காட்டுவதற்கென எழுதிய திகதியைத் திரும்ப வாசித்துத் தரவாக்கவும் கூடாது. பயனரிடமிருந்து திகதி வாங்க எச்டிஎம்எல் தரும் திகதிப் பெட்டியே போதும். திரையில் எப்படித் தெரிந்தாலும் உள்ளே வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் மதிப்பு வரும்.

கடைசியாக, உங்கள் திரையை வீட்டில் வயதானவர் ஒருவரிடம் காட்டி, எந்த நாள், எத்தனை மணி என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இந்த வழிகாட்டியை எழுதும்போது மாமியிடம் இரண்டு செய்திகளைக் காட்டினேன். ஒன்று அந்தப் பழைய '03/04/2025, 9:30'. மற்றது, 'உங்கள் கண் பரிசோதனை மார்ச் 4ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை 9.30க்கு'. இரண்டாவதைக் கண்ணாடி போடாமலே வாசித்துவிட்டு, "இப்பிடி எழுதியிருந்தா நான் செவ்வாய்க்கிழமையே போயிருப்பனே" என்றார்.